மீன் இருக்கும், ஐஸ் இருக்கும், சந்தை இருக்காது: கிண்ணியா வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் கிண்ணியாவைச் சேர்ந்தவள், வயது 31. வாப்பா 28 வருடங்களாக நடத்திவந்த மீன் வியாபாரத்தை இரண்டு வருடங்களாக நான் கவனித்து வருகிறேன். கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் படகுகளிடமும் கொட்பே துறைமுகத்திலும் வாங்கி, ஐஸ் போட்டு, முக்கால் பங்கைக் கொழும்புப் பக்கமுள்ள ஓர் ஏற்றுமதியாளருக்கும் மிச்சத்தை அங்கேயே உள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தைக்கும் அனுப்புகிறோம். ஒரு கூலர் லொறி, பதினொரு வேலையாட்கள். இப்போது வங்கிக் கடன் எடுத்து 10 தொன் குளிர் அறை ஒன்று கட்ட நினைக்கிறேன். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில், வழங்கல் சங்கிலியை எதிர்காலத்துக்குத் தயார்படுத்தச் 'சூழ்நிலைத் திட்டமிடல்' என்று ஒரு முறை இருப்பதாகச் சொன்னார்கள். காட்டிய உதாரணங்கள் எல்லாம் பெரிய கம்பனிகளுடையவை. வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். "கடல் கடிதம் போட்டுவிட்டு வருவதில்லை மகள்" என்றார். எங்களைப் போன்றவர்களுக்கு இது உதவுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வாப்பாவின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 28 வருடங்கள் நம் கரையில் மீன் வாங்கி விற்றவர் என்றால், கடலுக்குப் போகும் நேரத்தைக்கூட வேறு யாரோ தீர்மானித்த போர்க்காலத்தையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதியையும், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை மீன் பெட்டிகளோடு பாதைக்கு (ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்து நின்ற காலை நேரங்களையும் அவர் கண்டிருக்கிறார். அவர் சொல்வது சலிப்பில் வந்த பேச்சாக இருக்க முடியாது. வரப்போவதைச் சொல்ல முடியாது என்பதில் நான் அவர் பக்கம்தான். சூழ்நிலைத் திட்டமிடலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. என்ன நடக்கும் என்று தெரியாதபோது, இரண்டு மூன்று விதமாக நடந்தால் நமது தொழில் எந்த இடத்தில் இடறும் என்பதை முன்கூட்டியே நடந்து பார்ப்பதுதான் அது.

ஆனால் கடல் கடிதமே போடுவதில்லை என்பதை மட்டும் நான் முழுதாக ஏற்க மாட்டேன்.

இந்த முறையைத் தொழில் உலகில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய பியர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர். எண்ணெய் என்றென்றும் மலிவாகக் கிடைக்கும் என்று உலகம் நம்பியிருந்த 1970களின் தொடக்கத்தில், விலை திடீரென்று எகிறும் ஒரு கதையையும் அவருடைய குழு எழுதி மேலாளர்கள் முன் வைத்தது. 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டது. சில மாதங்களுக்குள் பீப்பாய் விலை ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 12 டொலருக்குப் போய்விட்டது. போர் வரும் திகதியை ஷெல்லில் எவரும் சொல்லவில்லை. அப்படியோர் உலகத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் சிலர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்கள்.

வாக் ஓர் ஆற்றை உதாரணமாகக் காட்டுவார். கங்கையின் மேற்பகுதியில் பேய்மழை பெய்தால் சில நாட்களில் கீழே உள்ள ஊர்களுக்கு வெள்ளம் வந்தே தீரும். அதைச் சொல்ல ஆரூடம் தேவையில்லை, மழை ஏற்கெனவே விழுந்துவிட்டது. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் நமக்கு இது சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நுவரெலியாவிலும் கண்டியிலும் கொட்டிய மழை மனம்பிட்டியைக் கடந்து மூதூருக்கும் வெருகலுக்கும் வந்து சேர்வதற்குள் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. மனம்பிட்டியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது, அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் பார்க்காதவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம், பெட்டியும் உப்பு மூட்டையும் மேட்டுக்கு ஏறியதா இல்லையா என்பதுதான்.

ஆற்றுக்கு மட்டும் பொருந்துவதல்ல இது. ஐரோப்பிய ஒன்றியம் நமது மீனுக்கு 2015 ஜனவரியில் கதவை மூடியதை வாப்பா நினைவு வைத்திருப்பார். அது திடீரென்று வந்ததா? சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2012 நவம்பரிலேயே இலங்கைக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தார்கள். முதல் எச்சரிக்கைக்கும் கதவு மூடியதற்கும் நடுவில் இரண்டு வருடங்களுக்கு மேல் இருந்தன. தடை 2016இல்தான் நீங்கியது. கடிதம் வந்தது, நமது கரையில் அதைப் பிரித்துப் படிக்க ஆளை வைக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, வந்துவிட்ட கடிதங்களையும் வராதவற்றையும் பிரிப்பது. வாடைக் காற்று வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும். நமது பருவத்துக்காக மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) போட்டவர்கள் அதற்கு முன் திரும்பிப் போவார்கள். எரிபொருளை நாடு டொலர் கொடுத்துத்தான் வாங்கும். மீன் எந்தப் படகில், எங்கே பிடிபட்டது என்ற பத்திரத்தை ஏற்றுமதியாளர் உங்களிடம் கேட்பது கூடுமே தவிரக் குறையாது. இவை எல்லாம் நிச்சயமானவை. எந்தக் கதையை எழுதினாலும் இவை அதற்குள் இருக்க வேண்டும். நிச்சயமில்லாதவை என்று பார்த்தால் உங்கள் தொழிலுக்கு இரண்டுதான் உண்மையில் பெரியவை. எரிபொருளும் மின்சாரமும் தடையில்லாமல் கிடைக்குமா? கொழும்பின் வாசல் திறந்திருக்குமா?

இந்த இரண்டாவது கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2020இல் கிழக்கிலிருந்து மீன் வாங்கும் ஒரு நிறுவனத்தில் கொள்வனவுக்குப் பொறுப்பாக இருந்தேன். எங்களிடமும் திட்டம் இருந்தது. மீன் விலை 10 சதவீதம் ஏறினால் என்ன, 10 சதவீதம் இறங்கினால் என்ன என்று அழகான அட்டவணை போட்டு வைத்திருந்தோம். அந்த ஒக்டோபரில் பேலியகொடைச் சந்தையில் கொரோனாத் தொற்று பரவி, சந்தையே மூடப்பட்டது. எங்கள் லொறி அப்போது ஹபரணைச் சந்தியில் நின்றது. உள்ளே 1,400 கிலோ சூரையும் பாரையும். சாரதி தொலைபேசியில் கேட்டார்: "முன்னுக்குப் போவதா, திரும்புவதா?" என் அட்டவணையில் அதற்கு விடை இல்லை. சந்தை இல்லாத ஓர் உலகத்தை நாங்கள் எழுதவே இல்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஐந்து மணி நேரம் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தேன். மறுநாள் மாலை கந்தளாயில் பெட்டிகளைத் திறந்தபோது ஐஸ் உருகி, அடியில் சிவப்புத் தண்ணீர் நின்றது. மேல் அடுக்கு மீனின் செவுளை விரித்துப் பார்த்தேன். காலையில் இரத்தச் சிவப்பாக இருந்தது பழுப்பாகிவிட்டது. பாதியைக் கால் விலைக்குக் கொடுத்தோம், மீதியைப் புதைத்தோம். அந்த மாதம் நிறுவனம் படகுக்காரர்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. என்னை நம்பி மீன் ஏற்றிய திருக்கடலூர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இன்றும் இந்த ஆலோசகர் வேலையை நான் செய்வதற்கு அந்த முகம்தான் காரணம்.

அந்தப் பருவத்தில் நாடு முழுதும் மீனை வாங்கவே மக்கள் பயந்தார்கள். முன்பு மீன்பிடி அமைச்சுப் பொறுப்பில் இருந்த ஒருவர், செய்தியாளர்கள் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டிய நிலை வந்தது. அந்த நெருக்கடி தீருமுன் டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அடுத்த மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது, மீனில் நஞ்சு சேர்ந்திருக்குமோ என்ற பயத்தில் மறுபடியும் மீன் வாங்க ஆள் இல்லை. ஏழெட்டு மாதங்களுக்குள் மூன்று அடி. பெயர்கள் வேறு, ஆனால் இரண்டு முறை விழுந்தது ஒரே அடிதான்: கடலில் மீன் இருக்கிறது, பெட்டியில் ஐஸ் இருக்கிறது, வாங்குபவர் இல்லை. அதனால்தான் 'கொரோனா வந்தால்', 'கப்பல் எரிந்தால்' என்று காரணத்துக்கொரு கதை எழுத வேண்டாம் என்கிறேன். 'கொழும்பு வாசல் மூடியது' என்று ஒரே கதையாக எழுதுங்கள். எந்தக் காரணத்தால் மூடினாலும் உங்கள் முற்றத்தில் நடக்கப்போவது ஒன்றுதான்.

இரண்டாவது கதை, 'எண்ணெய் இல்லை'. அதற்கு 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் ரூபாவின் மதிப்பைப் பிடித்து வைத்திருந்ததை விட்டார்கள், மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு, பிறகு எரிபொருள் வரிசை, அதற்குப் பின் எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் அட்டை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த வருடம் நான் சந்தித்த முதலாளிகள் பலரிடம் நல்ல மாற்று ஏற்பாடுகள் இருந்தன. மின்சாரம் போனால் ஜெனரேட்டர். ஒரு லொறி பழுதானால் வாடகைக்கு இன்னொன்று. ஓர் ஐஸ் ஆலை நின்றால் அடுத்த ஆலை. தாளில் பார்த்தால் எல்லாம் பத்திரம். ஆனால் ஜெனரேட்டர் குடிப்பதும் டீசல், வாடகை லொறி குடிப்பதும் டீசல், அடுத்த ஐஸ் ஆலைக்கும் அதே மின்வெட்டு. டொலர் இல்லை என்ற ஒரே வேரிலிருந்து எல்லாத் தட்டுப்பாடுகளும் முளைத்தன. ஆபத்துகளை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பரிகாரம் எழுதும் வழக்கமான முறையில் இது கண்ணில் படவே படாது. ஒரு நாளை விடியலிலிருந்து இரவுவரை கதையாகச் சொல்லிப் பார்க்கும்போதுதான் படும். சூழ்நிலைத் திட்டமிடலில் எனக்கு மிகப் பெரிய பயனாகத் தெரிவது இதுதான்.

மூன்றாவது கதை, வழமையான வருடம். அதையும் எழுதுங்கள். ஏனென்றால் பெரும்பாலான வருடங்கள் அப்படித்தான் இருக்கும், கடன் தவணையைக் கட்டப்போவதும் அந்த வருமானத்தில்தான். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'நல்லது, நடுத்தரம், மோசம்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எல்லோரும் நடுவிலுள்ளதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்தக் கதைக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். புயல் தனிக் கதை அல்ல. 2020இல் பார்த்ததுபோல, சந்தை மூடியிருக்கும்போதும் அது வரும். எந்தக் கதையை எழுதினாலும் நடுவில் ஒரு வாரத்தைப் புயலுக்குக் கொடுங்கள்.

இதை எழுத என்னைப் போன்ற ஆலோசகர் தேவையில்லை. ஒரு மாலை நேரம், ஒரு சிஆர் கொப்பி, சரியான ஆட்கள் போதும். வாப்பா, உங்கள் லொறிச் சாரதி, பெட்டி அடுக்குபவர்களில் மூத்தவர், நீண்ட நாள் உங்களுக்கு மீன் தரும் படகுக்காரர் இருவர், வீட்டில் கணக்குப் பார்ப்பவர். வாப்பாவிடம் 2004 டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். முதலில் யாரிடம் உதவி கேட்டார், எது கையில் இல்லாமல் தவித்தார், யாருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பியது, யாருடையது திரும்பவில்லை. அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பில் காட்டிய வரைபடங்களைவிட உங்கள் தொழிலுக்கு அது நெருக்கமானது.

பிறகு 'வாசல் மூடியது' கதையை நாள் வாரியாக நடந்து பாருங்கள். முதல் நாள் காலை ஆறு மணி: 800 கிலோ மீன் வந்து இறங்கிவிட்டது, ஏற்றுமதியாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. நமது வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அப்படியானால் இரண்டாம் நாளுக்கு இன்னும் எவ்வளவு ஐஸ், அதை யார் தருவார், கடனுக்குத் தருவாரா? ரெஜிபோம் பெட்டிகள் எத்தனை இருக்கின்றன, எத்தனை மூடி உடைந்திருக்கின்றன? மூன்றாம் நாள் கருவாடு போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனை. வெட்டிக் கழுவி உப்பிடத் தெரிந்த கைகள் எத்தனை? உப்பு எங்கே? 2025இல் மழையால் உப்பளங்கள் கெட்டு நாடே உப்பை இறக்குமதி செய்தது நினைவிருக்கும். சந்தை மூடுவது ஒக்டோபரில் என்றால் வெயிலும் இல்லை, மணலில் பரப்ப முடியாது, கூரை போட்ட உலர்த்தும் தட்டுகள் வேண்டும். பத்தாம் நாள் படகுக்காரர் வந்து முற்பணம் கேட்பார். அங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நமது கரையில் வழங்கல் சங்கிலியைக் கட்டி வைத்திருப்பது லொறியோ குளிர் அறையோ அல்ல, படகுக்காரர் கையில் நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் பணமும் அதோடு வரும் நம்பிக்கையும். நெருக்கடியில் அதை நிறுத்தினால், வாசல் திறக்கும் நாளில் மீன் வேறு ஒருவர் லொறியில் ஏறும்.

இப்போது குளிர் அறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி இதுதான். எந்த முடிவும் இல்லாமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால் நல்லதொரு பொழுதுபோக்கு மட்டும் மிஞ்சும். முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கதைகளுக்குள்ளும் நுழைய வேண்டும்.

10 தொன் அறை வழமையான வருடத்தில் நல்ல வேலை செய்யும். பருவத்தில் மீன் குவியும்போது அவசரப்பட்டு விற்காமல் வைத்திருக்கலாம். வாசல் மூடிய கதையில் உயிர் காக்கும், ஆனால் மின்சாரம் இருந்தால் மட்டும். எண்ணெய் இல்லாத கதையில் அது பெரிய சுமை. உள்ளே குளிர் இருக்காது, வெளியே தவணை நிற்காது. கூரையில் சூரியப் படலம் போட்டால் போதும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கவனமாக இருங்கள். பொது மின்கம்பியோடு இணைத்துப் போடும் சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பகலில் நாடு முழுதும் மின்சாரம் நின்றபோது, கூரை நிறைய வெயில் இருந்தும் பல வீடுகளில் மின்விசிறி சுற்றாததற்குக் காரணம் அதுதான். மின்கலத்தோடு, தனித்து இயங்கக்கூடிய அமைப்பாக வேண்டும், அதற்கு விலை அதிகம்.

என் யோசனை, உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வது என்ற எல்லைக்குள்: 10 தொன்னை நான்கு அல்லது ஐந்தாகக் குறையுங்கள். சுவர்க் காப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தடித்த காப்பு இருந்தால் மின்சாரம் போன பின்னும் குளிர் நீண்ட நேரம் நிற்கும். மிச்சப்படும் தொகையில் ஒரு பகுதியைக் கூரை போட்ட கருவாட்டுத் தட்டுகளுக்கும் உப்புத் தொட்டிகளுக்கும் ஒதுக்குங்கள். உப்பு கெட்டுப்போகாது, மலிவான மாதத்தில் வாங்கி அடுக்கலாம். இன்னொரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு, படகுக்காரர்களுக்கு இரண்டு மாத முற்பணம் என்று பெயர் எழுதி, வேறு எதற்கும் தொடாதீர்கள். இந்த மூன்றும் எல்லாக் கதைகளிலும் உங்களுக்கு ஏதோ ஒரு விதத்தில் உழைக்கும். பெரிய அறை இரண்டில் மட்டும்தான் உழைக்கும். ஏற்றுமதியாளருக்கு முக்கால் பங்கு என்பதும் எனக்கு உறுத்துகிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் நமது பொருட்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்தது, பிறகு 30 என்றது, ஓகஸ்டில் 20இல் வந்து நின்றது. அந்த நான்கு மாதமும் ஏற்றுமதியாளர் எந்த விலையைச் சொல்வார்? தம்புள்ளை, கண்டிப் பக்கம் இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு வாரம் ஒரு முறையாவது, இலாபம் குறைந்தாலும், இப்போதே மீன் அனுப்பத் தொடங்குங்கள். நெருக்கடி வந்த பிறகு புதிய முகத்திடம் எவரும் மீன் வாங்குவதில்லை.

கடைசியாக, கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை. ஏற்றுமதியாளர் 14 நாளில் கொடுத்த பணத்தை 25 நாள் இழுத்தடிப்பது ஓர் அறிகுறி. ஐஸ் ஆலை 'நாளைக்குப் பாதிதான் தரலாம்' என்பது ஓர் அறிகுறி. இரண்டு எரிபொருள் நிலையங்களில் ஒரே வாரத்தில் டீசல் இல்லை என்ற பலகை, மனம்பிட்டியில் உயரும் நீர்மட்டம், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற வானிலை அறிவிப்பு, இவையும்தான். ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைக் கவனிப்பவரின் பெயரையும், கண்டதும் உங்களைக் கேட்காமலே அவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் எழுதி ஐஸ் அறைச் சுவரில் ஒட்டுங்கள். ஹபரணையில் நின்ற சாரதிக்கு அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அவர் தொலைபேசியை எடுத்திருக்கவே தேவையில்லை. வருடத்தில் இரண்டு முறை, வாடை தொடங்கும் முன் ஒக்டோபரிலும் பருவம் தொடங்கும் மார்ச்சிலும், அந்தத் தாளைக் கழற்றி எல்லோரும் இருந்து திருத்தி மறுபடி ஒட்டுங்கள்.

வங்கியில் கையெழுத்து வைக்கும் திகதியை ஒரு மாதம் தள்ளிக் கேட்டுப் பாருங்கள். அதற்குள் அந்த மாலையை வைத்துவிடுங்கள். உங்களுக்கு ஐஸ் தரும் ஆலையின் முதலாளியையும் அழையுங்கள். முதல் தேநீர் முடிவதற்குள் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்றிரவு மின்சாரம் போனால் அவருடைய ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் கையில் இருக்கிறது, அதில் முதல் ஐஸ் யாருக்குப் போகும்?